செலவாகாத படகு

"மேடம், செலவே பண்ணாத ஆளுக்கு எதுக்கு வருஷா வருஷம் பணம் ஒதுக்கணும்?"

கேட்டவர் நம்பிராஜன். திங்கட்கிழமை காலை. கையில் ஓர் அறிக்கை. முகத்தில் அதை எழுதி முடித்த திருப்தி.

செண்பகவல்லி தலையை நிமிர்த்தவில்லை.

"உக்காருங்க சார்" என்றார்.

நம்பிராஜன் உட்கார்ந்தார். அது இரும்பு நாற்காலி. அவர் அறையில் சுழலும் நாற்காலி இருக்கிறது. இருந்தாலும் குழப்பமோ பெருமையோ தாங்க முடியாமல் போனால், அந்த மாடியில் எல்லோரும் இந்த இரும்பு நாற்காலிக்குத்தான் வருவார்கள்.

நம்பிராஜன் ஒரு மாநில அரசின் நிதித்துறையில் இணைச் செயலாளர். ஐம்பத்தைந்து வயது. பொருளாதாரத்தில் முனைவர் பட்டம். செண்பகவல்லி அதே துறையில் பட்ஜெட் பிரிவின் பிரிவு அலுவலர். பதவியில் அவருக்குப் பல படி கீழே, வயதில் ஒரு மாமாங்கம் கீழே. பட்டம் ஒன்றே ஒன்று, அதுவும் அஞ்சல் வழியில் வாங்கியது.

ஆனால் பத்தொன்பது பட்ஜெட்டுகள் அந்த அம்மாளின் மேசையைத் தாண்டித்தான் சட்டமன்றத்துக்குப் போயிருக்கின்றன. அதனால் சீடர் மூத்தவர், குரு இளையவர். இதில் சீடருக்குக் கொஞ்சம் கூச்சம் இருந்தது. குருவுக்கு, தான் குரு என்பதே தெரியாது. தெரிந்தாலும் அதற்கெல்லாம் நேரம் இல்லை.

"எவ்வளவு தேறும்னு பாத்தீங்களா?" என்று நம்பிராஜன் அறிக்கையை நீட்டினார்.

அரசுக்கு அந்த வருஷம் கையைக் கடித்தது. வரவு குறைவு, வாக்குறுதி அதிகம். எங்கிருந்தாவது நாற்பது கோடியைக் குறைத்து, வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் தன் மேசையில் வைக்கும்படி நிதிச் செயலாளர் சொல்லியிருந்தார்.

நம்பிராஜன் நாற்பத்தொரு கோடியாகவே கொண்டுவந்துவிட்டார்.

"பட்ஜெட்ல இருநூத்திப் பன்னெண்டு செலவுத் தலைப்பு மேடம். தொடர்ந்து மூணு வருஷம் ஒதுக்கீடு இருக்கு. ஒரு பைசா செலவு இல்ல. அப்படியே மூடிடலாம். யாருக்கும் வலிக்காது."

"யாருக்கும்?"

"செலவு பண்ணாதவங்களுக்கு என்ன வலி?"

செண்பகவல்லி அறிக்கையைப் புரட்டினார். முதல் பக்கத்தை அல்ல, கடைசிப் பக்கத்தை. அங்கே இருநூற்றுப் பன்னிரண்டாவது தலைப்பு இருந்தது.

நெடுமரம் அணை, அக்கரைக் குடியிருப்புகளுக்கான படகுச் சேவை. ஒதுக்கீடு: இருபத்திரண்டு லட்சம். செலவு: இல்லை. அடுத்த ஆண்டு: இல்லை. அதற்கடுத்த ஆண்டு: இல்லை.

"இதையும் மூடணுமா சார்?"

"மூடணும். யாரும் ஏறாத படகு."

"ஒரு தலைப்ப மூடிட்டா, மறுபடி திறக்க எவ்வளவு நாளாகும்?"

"நாலு வருஷம் ஆகலாம்."

"போன தடவ ஒண்ணத் திறந்தோம். ஏழு வருஷம் ஆச்சு."

"தேவைன்னா அவங்க கேட்டிருப்பாங்கல்ல மேடம்? மூணு வருஷமா வாயத் திறக்கலையே."

செண்பகவல்லி பென்சிலை எடுத்தார். இருநூற்றுப் பன்னிரண்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"மத்த இருநூத்திப் பதினொண்ணையும் நான் கேள்வி கேக்காம மூடித் தர்றேன் சார். இந்த ஒண்ணுல மட்டும் ஒரு வேலை பண்ணுங்க."

"சொல்லுங்க."

"ஒரு ரூபா செலவு பண்ணிட்டு வாங்க."

நம்பிராஜனுக்குச் சிரிப்பு வந்தது.

"ஒரு ரூபாயா?"

"ஒரே ஒரு ரூபா. இந்தத் தலைப்புல இருந்து. முறைப்படி."

"எப்போ?"

"வெள்ளிக்கிழமை பதினோரு மணி வரைக்கும் நேரம் இருக்கே."

•

முதல் நாள் தொலைபேசியிலேயே முடிந்துவிடும் என்று நினைத்தார்.

படகுப் பிரிவின் தலைமை அலுவலகத்தில் ஒருவர் எடுத்தார். இணைச் செயலாளர் என்றதும் எழுந்து நின்று பேசுகிற மாதிரி குரல் மாறியது.

"ஒரு ரூபாயா சார்? தாராளமா பண்ணலாம் சார். நிதி வரட்டும்."

"நிதி பட்ஜெட்லயே இருக்கே."

"பட்ஜெட்ல இருக்கு சார். கைக்கு வரல."

"ஏன் வரல?"

"விடுவிப்பு ஆணை வரல சார்."

"அது ஏன் வரல?"

"மாவட்டத்துல இருந்து ஒரு பதில் வரணும் சார். அது வந்தா இது வந்துடும்."

"என்ன பதில்?"

"ஃபைல் அங்கதான் சார் இருக்கு."

நம்பிராஜன் தொலைபேசியை வைத்தார். இதே உரையாடலை இன்னும் மூன்று பேருடன் நடத்தினார். எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். எல்லோரும் வேறு யாரையோ கைகாட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை ரயில் ஏறினார். ஒரு ரூபாய் செலவு செய்வதற்காக ஓர் இணைச் செயலாளர் ஆயிரத்து நூறு ரூபாய்க்கு டிக்கெட் எடுத்தார். இதை அவரே உணர்ந்து, அந்த டிக்கெட்டைப் பயணப்படியில் சேர்க்க வேண்டாம் என்று முடிவு செய்தார்.

•

நெடுமரம் அணை அழகாக இருந்தது. புதன்கிழமை காலை வெயிலில் தண்ணீர் நிறைந்து கிடந்தது.

படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது.

படகுப் பிரிவின் ஆய்வாளர் தவசிமுத்து நம்பிராஜனை அங்கே கூட்டிக்கொண்டு போனார். ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் நாலு பேனா வைத்திருந்தார்.

"இருவது பேர் உக்காரலாம் ஐயா. எஞ்சினு குடோன்ல பத்திரமா இருக்கு. ஒரு பெல்ட்டு மாத்தணும், அம்புட்டுதான்."

"ஓட்டுநர்?"

"அவரு வேலையில தொடர ஆணை வரல. இப்ப மினி பஸ் ஓட்டுதாரு. நல்ல சம்பளம். கூப்பிட்டா வருவாரான்னு தெரியல."

"அக்கரையில எத்தனை பேர் இருக்காங்க?"

"ஏழு குடியிருப்பு. முந்நூத்தி நாப்பது பேரு. ஆஸ்பத்திரி இங்கன, ரேஷன் கடை இங்கன, எல்லாமே இங்கன. அங்கன மலையும் அவங்களும்தான்."

"இப்ப எப்படி வர்றாங்க?"

"காட்டு வழியா ஐயா. முப்பத்தொரு கிலோமீட்டரு சுத்து."

"படகுல வந்தா?"

"இருவது நிமிசம்."

நம்பிராஜன் தண்ணீரைப் பார்த்தார். அக்கரையில் இரண்டு மூன்று கூரைகள் தெரிந்தன. யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். சிவப்புச் சேலை என்பதுவரை தெரிந்தது.

"போன ஆவணியில பேச்சித்தாய்னு ஒரு பிள்ளைத்தாய்ச்சி" என்று தவசிமுத்து ஆரம்பித்தார். "நாற்காலியில கம்பு கெட்டித் தூக்கிட்டு வந்தாங்க. அம்மாவக் காப்பாத்திட்டாங்க ஐயா."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நம்பிராஜனும் கேட்கவில்லை. அவருக்கு 'யாரும் ஏறாத படகு' என்று தான் சொன்னது ஞாபகம் வந்து வெட்கமாக இருந்தது.

அவர் சட்டென்று பர்ஸை எடுத்தார்.

"பெல்ட் என்ன விலை?"

"ரெண்டாயிரத்து நானூறு."

"இந்தாங்க. இன்னைக்கே மாத்துங்க. டீசலுக்கும் சேத்துத் தர்றேன்."

தவசிமுத்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கோவிச்சுக்கிடாதிய ஐயா. நீங்க குடுத்தா அது நன்கொடை. அரசு எஞ்சினுக்கு நன்கொடை வாங்கணும்னா அனுமதி வேணும்."

"அனுமதி யார் தரணும்?"

"உங்க துறைதான் ஐயா."

நம்பிராஜன் பர்ஸை உள்ளே வைத்தார். கவிழ்ந்த படகின் மேல் உட்கார்ந்தார். முனைவர் பட்டத்துக்கு அவர் எழுதிய ஆய்வு நானூறு பக்கம். அதில் எந்தப் பக்கத்திலும் இதற்கு வழி இருந்ததாக ஞாபகம் இல்லை.

"சரி, எங்கதான் அடைச்சிருக்கு? ஏதோ பதில் வரணும்னு சொன்னாங்களே."

"ஆமா ஐயா. மேலருந்து ஒரு கேள்வி. அதுக்குப் பதில் அனுப்பாம நிதி விட மாட்டாங்க."

"மூணு வருஷமா ஒரு கேள்விக்குப் பதில் அனுப்ப முடியலையா?"

நம்பிராஜனின் குரல் உயர்ந்தது. தவசிமுத்துவுக்குக் கோபம் வரவில்லை.

"கேள்வியில குத்தமில்ல ஐயா. யாரோ நல்ல மனுசன் எழுதியிருக்காரு. மக்களக் கேக்கணும்னு தோணியிருக்கு பாருங்க. இந்தக் காலத்துல யாருக்குத் தோணுது?"

"என்ன கேள்வி?"

தவசிமுத்து பையிலிருந்து கோப்பை எடுத்தார். பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தார்.

•

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நடந்தது புரியாது.

நிதித்துறைக்கு மேலேறி வரும் கோப்பு, ஒரு கேள்வியாவது இல்லாமல் கீழே இறங்கக் கூடாது. இப்படி எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை. ஆனால் கேள்வி இல்லாமல் இறங்கினால் அதிகாரி படிக்கவில்லை என்று பேசிக்கொள்வார்கள். கேள்வி கேட்டால் கெட்டிக்காரர். இரண்டு கேள்வி கேட்டால் அடுத்த பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் அடிபடும்.

கேள்விக்குச் செலவு கிடையாது என்று எல்லோரும் நம்பினார்கள்.

நம்பிராஜன் படித்தார்.

'ஒதுக்கீடு இதுவரை செலவிடப்படாததற்குக் காரணம் என்ன? அக்கரைக் குடியிருப்புகள் அனைத்துக்கும் நேரில் சென்று, பயனாளிகளின் கருத்தை அவர்களது ஒப்பத்துடன் பெற்று அறிக்கை அனுப்புக. அதன்பின் நிதி விடுவிப்பது பரிசீலிக்கப்படும்.'

மூன்று வருஷம், மூன்று தாள். ஒரே கேள்வி.

கீழே நீல மையில், வாலை நீட்டி எழுதிய ஒரு 'ந'.

அவருடைய சுருக்கொப்பம்.

அவருக்கு அந்த வாக்கியம் ஞாபகம் இருந்தது. 'நேரில் சென்று' என்ற இரண்டு சொற்களையும் பிறகு யோசித்துச் சேர்த்திருந்தார். சேர்த்ததும் மனசுக்கு நிறைவாக இருந்தது. அன்று வீட்டில்கூட இதைச் சொன்னார். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுதிவிடக் கூடாது, மக்களைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று.

"நீங்க ஏன் நேர்ல போய்க் கேக்கல?" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

தவசிமுத்து தண்ணீரைக் காட்டினார்.

"போவணும்னா படகு வேணும்லா ஐயா."

நம்பிராஜன் கோப்பை மடியில் வைத்துக்கொண்டார்.

"போன வருசம் நடந்தே போனேன் ஐயா. காட்டுக்குள்ள போக வனத்துறையில அனுமதி வாங்கவே மாசி ஆயிட்டு. நாலு குடியிருப்புல ஒப்பம் வாங்கிட்டேன். காலு வீங்கிப்போச்சு, மூணு பாக்கி. வாங்கின வரைக்கும் அனுப்பினேன்."

"அப்புறம்?"

"'மீதி மூன்று குடியிருப்புகள் ஏன் விடுபட்டன?'ன்னு கேட்டு வந்தது. அதுக்குள்ள மார்ச்சு முடிஞ்சிட்டு. வருசம் முடிஞ்சா பணம் திரும்பிப் போயிரும்லா."

தவசிமுத்து அந்தத் தாளையும் எடுத்துக் காட்டினார். அதிலும் வாலை நீட்டிய ஒரு 'ந'.

"இந்தக் கோப்பை நான் எடுத்துட்டுப் போகலாமா?" என்று நம்பிராஜன் கேட்டார்.

"ஒரு ரசீது மட்டும் எழுதிக் குடுத்துருங்க ஐயா."

எழுதிக் கொடுத்தார். கையெழுத்துப் போடும் இடம் வந்ததும் கொஞ்சம் தயங்கினார். பிறகு போட்டார்.

தவசிமுத்து ரசீதைப் பார்த்தார். கோப்பைப் பார்த்தார். மறுபடி ரசீதைப் பார்த்தார்.

"வெயிலா இருக்கு. ஒரு மோர் சாப்பிட்டுப் போங்க ஐயா" என்றார்.

•

வியாழன் மதியம் நம்பிராஜன் இரும்பு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். முகம் கறுத்திருந்தது.

"மேடம், ஒரு ரூபா செலவு பண்ண முடியல."

"ம்."

"அந்தக் கேள்வி என்னோடது."

"ம்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"கோப்பு என் மேசை வழியாத்தானே சார் இறங்குச்சு."

நம்பிராஜனுக்குக் கோபம் வந்தது. அவமானம் முதலில் அப்படித்தான் வரும்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே! மூணு வருஷமா வேடிக்கை பாத்தீங்களா?"

"சொன்னேன் சார்."

"எப்போ?"

"முதல் வருஷம். 'படகு இல்லாமல் நேரில் செல்ல இயலாது'ன்னு ஒரு சீட்டு எழுதிக் கோப்புல வெச்சேன்."

"நான் பாக்கவே இல்ல."

"பாத்தீங்க சார். அதுமேல 'படித்தேன்'னு எழுதித் திருப்பி அனுப்பினீங்க."

நம்பிராஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு எதுவும் இல்லை.

"அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் நானும் சும்மா இருந்துட்டேன்" என்றார் செண்பகவல்லி. "அது என் பங்கு சார். அத நினைச்சா எனக்கும் தூக்கம் வரல. அதான் இந்தத் தடவ உங்களையே அனுப்பினேன்."

நம்பிராஜன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சரி" என்றார் நம்பிராஜன். "இந்த ஒண்ண மட்டும் பட்டியல்ல இருந்து எடுத்துடறேன். இருபத்திரண்டு லட்சம்தானே. யாரும் கவனிக்க மாட்டாங்க. மீதி அப்படியே இருக்கட்டும். நாப்பது கோடி தேறிடும்."

"எடுத்துடுங்க."

"அவ்வளவுதானே?"

"ஒரு சின்னக் கணக்கு சார். எனக்குப் புரியல, நீங்கதான் டாக்டர்."

"கேளுங்க."

"மீதித் தலைப்பு எல்லாத்தையும் மூடிட்டோம்னு வெச்சுக்குங்க. அடுத்த ஏப்ரல்ல கஜானாவுல எவ்வளவு கூடும்?"

"நாப்பது கோடிக்கு மேலயே."

"போன ஏப்ரல்ல அந்தப் பணம் எங்க இருந்துச்சு?"

"கஜானாவுலதான். அவங்கதான் செலவே பண்ணலையே..."

நம்பிராஜன் நிறுத்திக்கொண்டார்.

வெளியே போகாத பணம். அதை வெளியே போகாமல் தடுத்து அவர் மிச்சம் பிடித்திருக்கிறார். மூன்று மாதம் உழைத்து, அட்டவணை போட்டு, படம் வரைந்து.

"அப்ப நான் இந்த மூணு மாசமா கண்டுபிடிச்சது என்ன மேடம்?"

செண்பகவல்லி எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். இருநூற்றுப் பதினோரு கோப்புகளும் அடுக்கியிருந்தன. முதல் கட்டைத் தூக்கி அவர் முன்னால் வைத்தார்.

நம்பிராஜன் படிக்கத் தொடங்கினார்.

சில உண்மையிலேயே செத்த தலைப்புகள். தட்டச்சுப் பொறிக்கு ரிப்பன் வாங்க ஒன்று இருந்தது. பத்து வருஷத்துக்கு முன் நின்றுபோன கண்காட்சிக்குப் பந்தல் போட ஒன்று இருந்தது. அவற்றைத் தனியே வைத்தார்.

காதுகேளாத பிள்ளைகளுக்குக் கருவி வாங்கும் தலைப்பில், நீல மையில் ஒரு கேள்வி. மலைக்கிராமத்து விடுதிக்குக் கம்பளி வாங்கும் தலைப்பில் ஒரு கேள்வி. கம்பளிக் கேள்வி நன்றாகவே இருந்தது. 'கடந்த குளிர்காலத்தில் கம்பளி இல்லாமலே சமாளித்தது எவ்வாறு?'

அறுபது வரை எண்ணினார். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டுப் படிக்க மட்டும் செய்தார்.

அலுவலகம் முடியும் மணி அடித்தது. செண்பகவல்லி கைப்பையை எடுத்துக்கொண்டார்.

"நாளைக்கு நான் என்ன சொல்லட்டும் மேடம்?"

"அது பதினோரு மணிக்குத்தானே சார்" என்றார் செண்பகவல்லி. "இன்னும் நேரம் இருக்கு."

•

வெள்ளிக்கிழமை. பதினொரு மணி.

நிதிச் செயலாளர் நான்கு வருஷமாக அந்த நாற்காலியில் இருப்பவர். கண்டிப்பானவர், ஆனால் நியாயமானவர் என்று பெயர். அந்த மாடியில் பச்சை மையில் கையெழுத்துப் போடுபவர் அவர் ஒருவர்தான். மேசையைச் சுற்றி ஏழெட்டு அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி நாற்காலியில் செண்பகவல்லி.

"டாக்டர், நாப்பது கோடி கிடைச்சுதா?"

"இல்ல சார்."

எல்லோரும் நிமிர்ந்தார்கள். நாற்பத்தொரு கோடி என்ற சேதி திங்கட்கிழமையே மாடி முழுக்கப் பரவியிருந்தது.

"உங்க அறிக்கைய பட்ஜெட் உரையிலயே சேக்கலாம்னு நினைச்சிருந்தேனே."

"வேண்டாம் சார். முப்பத்தெட்டு தலைப்பு மூடலாம். அதுவும் பட்ஜெட் புத்தகம் மெலியறதுக்குத்தான். கஜானாவுக்கு ஒரு ரூபா வராது. போகாத பணத்தத்தான் நான் நிறுத்தப் பாத்தேன்."

"அப்ப நாப்பது கோடிக்கு எங்க போறது?"

"இன்னும் தெரியல சார். பணம் எங்க போகுதோ அங்கதான் தேடணும். நான் போகாத இடத்துல தேடினேன், அதுதான் சுலபமா இருந்துச்சு. பத்து நாள் குடுங்க."

செயலாளர் நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் எரிச்சல் தெரிந்தது. நம்பிராஜன் தயாராக வைத்திருந்த கோப்பை அவர் முன்னால் நகர்த்தினார்.

"இது என்ன?"

"நெடுமரம் அணையில ஒரு படகு சார். முந்நூத்தி நாப்பது பேருக்கு அது ஒண்ணுதான் வழி. மூணு வருஷமா நிதி போகல. நாம ஒரு கேள்வி கேட்டோம், பதில் வரல. அதனால நான் பதில் எழுதிட்டேன். அடியில விடுவிப்பு ஆணை இருக்கு. இன்னைக்குக் கையெழுத்தாச்சுன்னா பங்குனிக்குள்ள படகு ஓடும்."

"பதில் அவங்கதானே எழுதணும்? கேட்ட இடத்துல இருக்கிற நீங்க எப்படிப் பதில் எழுதலாம்?"

"எங்கிட்டதான் சார் பதில் இருந்துச்சு."

செயலாளர் கோப்பைத் திறந்தார்.

'ஒதுக்கீடு இதுவரை செலவிடப்படாததற்குக் காரணம் என்ன?'

அதன் கீழே, அதே கையெழுத்தில், அதே நீல மையில், புதிதாக ஒரு வரி.

'இந்தக் கேள்வி.'

அதற்குப் பக்கத்தில் வாலை நீட்டிய ஒரு 'ந'. நேற்றைய தேதி.

செயலாளர் அதைப் படித்தார். தவசிமுத்து அனுப்பிய நாலு குடியிருப்பு ஒப்பங்களைப் பார்த்தார். பெரும்பாலும் கைநாட்டு. 'மீதி மூன்று ஏன் விடுபட்டன?' என்பதையும் படித்தார். முகம் சிவந்தது.

"இங்க பாருங்க டாக்டர். நீங்க எழுதினீங்க, சரி. கேள்வி தப்புன்னா அது கீழ இறங்கறதுக்குள்ள தடுக்க இங்க ஒரு ஆள்கூடவா இல்ல? கண்ண மூடிக்கிட்டு இதுக்கு ஒப்புதல் குடுத்த ஆள் யாரு?"

ஒருவர் தண்ணீர் குடித்தார்.

செண்பகவல்லி தன் மடியிலிருந்த தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செயலாளர் மறுபடி கோப்பைப் பார்த்தார். முதல் வருஷத்துத் தாள். கேள்வி. கீழே 'ந'. அதற்கும் கீழே, பக்கத்தின் அடியில், பச்சை மையில் ஒரு முழுக் கையெழுத்து.

இரண்டாம் வருஷத்துத் தாளைப் புரட்டினார். பச்சை மை.

மூன்றாவதையும் புரட்டினார்.

பிறகு மெதுவாக அடியில் இருந்த விடுவிப்பு ஆணையை உருவி எடுத்தார். கோப்பை மூடவில்லை. யாருடைய முகத்தையும் பார்க்காமல், கடைசி நாற்காலியின் பக்கம் கையை நீட்டினார்.

"பேனா குடுங்கம்மா."